சந்தனத்தைத் துடைத்துவிட்டு வாளைப் பார்

மகன் வேலாயுதத்துக்கு,

பதுளையிலிருந்து உன் அம்மா எழுதுகிறேன். சாப்பாடு எப்படி, பண்டாரவளைக் குளிர் ஒத்துக்கொள்கிறதா, மருமகள் சுகமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. இந்தத் தடவை அதற்கெல்லாம் மனசு வரவில்லை. உன் கடிதம் நேற்று வந்தது. இரண்டு முறை வாசித்தேன். மூன்றாம் முறை வாசிக்கப் போனவள் அதை மடித்துத் தூரமாக வைத்தேன். எழுந்துபோய் வாய் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். உன் மேல் எனக்கு ஒரு அருவருப்பும் இல்லை. யார் மேல் என்று சொல்லத்தான் இவ்வளவு தாளும் மையும் எடுத்து வைத்திருக்கிறேன். இதை ஒளித்து வைத்து வாசிக்காதே. உன் மனைவிக்கும் அவளைப் பெற்றவர்களுக்கும் சத்தமாக வாசித்துக் காட்டு. நான் மறைத்தது போதும்.

நீ எழுதியதையே திருப்பி எழுதுகிறேன், சரியாகத்தான் விளங்கிக்கொண்டேனா என்று பார். கல்யாணம் முடிந்து தனிக்குடித்தனம் போய் மூன்று மாதம் ஆகிறது. வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டுவிட்டாய். கைவாளால் அறுத்து அறுத்துத் தோள்பட்டை கழன்றுவிட்டது, இஞ்சின் வைத்து ஓட்டும் வட்டவாள் ஒன்று இருந்தால்தான் கட்டில், அலமாரி என்று நாலு வேலை எடுக்க முடியும் என்கிறாய். நியாயம்தான். பழைய இரும்புச் சாமான் விற்கும் முதலாளி ஒருவர் தன் கிடங்கில் வாள்மேசை ஒன்று வைத்திருக்கிறார், பச்சை வர்ணம் அடித்துப் பளபளவென்று நிற்கிறது, விஜயதசமி அன்று வந்து எடுத்துக்கொள் என்கிறார் என்று எழுதியிருக்கிறாய். மேசையின் வலப்பக்க மூலையில் சின்னதாக ஒரு வேல் வெட்டியிருக்கிறது, "என் பேருக்கென்றே செய்து வைத்த மாதிரி இருக்கிறது அம்மா" என்று சந்தோஷம் வேறு. மேசைக்குக் கீழே தண்டு உட்கார்ந்து சுழலும் இரும்புக் கூட்டின் மேல் சந்தனம் ஒரு விரல் கனத்துக்கு அப்பியிருக்கிறதாம். அதை எக்காலத்திலும் துடைக்கக் கூடாது, வெள்ளிக்கிழமை தவறாமல் மேலே மேலே பூசிவர வேண்டும், அது சாமி குடியிருக்கும் இடம் என்று முன்பு வைத்திருந்தவர் சொல்லிக் கொடுத்தாராம். கடைசியில், "வாங்கட்டுமா அம்மா? உங்களுக்குத்தான் வாள் தெரியுமே" என்று கேட்டிருக்கிறாய்.

தெரியும்டா. உன் பேருக்கென்று செய்து வைத்ததுதான் அது. நீ பிறந்த பதினோராம் நாள் உன் அப்பா இரும்பு வெட்டும் உளியை எடுத்து அந்த மூலையில் வேல் உருவத்தை வெட்டினார். அது நம் வாள். உனக்கு ஐந்து வயதானபோது விற்றோம். அந்தச் சந்தனத்துக்குக் கீழே இரும்பில் வெடிப்பு இருக்கிறது. வெடிப்பு இருப்பது தெரிந்தேதான் விற்றோம். சந்தனத்தை அங்கே அப்பியது என் கை. அந்த வாளுக்கு முன்னால் நீ நிற்கக் கூடாது. நின்றால் உன் கை போகும். இதற்கு முன்னால் ஒருவர் கை போயிருக்கிறது.

முதலிலிருந்து சொல்கிறேன். உன் அப்பா தோட்டத்துத் தேயிலை ஃபாக்டரியில் ஆசாரியாக இருந்தவர். அங்கே பெரிய இஞ்சின் ஒன்று ஓடும். கூரைக்குக் கீழே நீளத் தண்டு, அதிலிருந்து தோல்வார்கள் இறங்கி ஒவ்வொரு எந்திரத்தையும் சுழற்றும். அதில் ஒரு வார் பெட்டிப் பலகை அறுக்கும் வட்டவாளுக்கு. அந்த வாளைப் பார்த்துப் பார்த்து மனிதருக்குப் பித்துப் பிடித்துவிட்டது. தோட்டத்து வேலையை விட்டு டவுனுக்கு வந்து வீட்டோடு சொந்தக் கொட்டகை போட்டதும், வெள்ளைக்காரத் தொரை வைத்திருப்பது போலவே ஒன்று வேண்டும் என்று நின்றார். வாளின் குறுக்களவு ஒரு முழத்துக்கு மேல். அதைச் சுழற்ற மண்ணெண்ணெய் இஞ்சின் ஒன்று தனி. நாம் செய்ததோ ஸ்டூலும் ஜன்னல் சட்டமும். காடு அறுக்கும் வாளை வைத்துக்கொண்டு கரண்டிக் காம்பு செய்தது போலத்தான். நான் தடுத்தேனா? இல்லை. இஞ்சின் சத்தம் தெரு முனை வரைக்கும் கேட்க வேண்டும், கடைக்காரர் வீட்டுப் பெண்கள் "ஆசாரி வீட்டுல எந்திரம் வந்திருச்சாமே" என்று பேச வேண்டும் என்று எனக்கும் ஆசையாக இருந்தது. அந்த ஆசையை இப்போது நினைத்தால் என்னையே காறித் துப்பத் தோன்றுகிறது.

அந்த வாளுக்கு அந்தப் பக்கம் நின்று ஐந்து வருஷம் பலகை இழுத்தவள் நான். உன் அப்பா இந்தப் பக்கமிருந்து தள்ளுவார், அறுபட்டு வருவதை நான் வாங்கி இழுப்பேன். தலையில் துணி கட்டியிருந்தும் மரத்தூள் மூக்கு, காது, சோற்றுப் பானை எல்லாவற்றிலும் இருக்கும். உனக்குப் பால் கொடுக்க வந்தால் என் மேல் படிந்த தூளில் நீ தும்முவாய். வாளுக்கு மேல் ஒரு இரும்பு மூடி வந்தது, கை தவறினாலும் பல்லில் படாமல் இருக்க. அறுக்கிற கோடு தெரியவில்லை என்று வந்த வாரமே அதைக் கழற்றி எறிந்தார். வாளுக்குப் பின்னால் வளைந்த தகடு ஒன்று நிற்கும். அறுபட்ட மரம் மறுபடி மூடிக்கொண்டு வாளை இறுக்காமல் பிரித்து வைப்பதற்கு அது. பெரிய மரம் போட இடைஞ்சலாக இருக்கிறது என்று அதையும் கழற்றினார். அந்தத் தகட்டை நான் அடுப்படிக்கு எடுத்துப்போய்ச் சட்டி மூட வைத்துக்கொண்டேன். புத்தி எங்கே போயிருந்தது என்று கேட்காதே. புத்தி இருந்தது, எங்களுக்கு ஒன்றும் ஆகாது என்ற கொழுப்பும் இருந்தது.

ஒரு நாள் தோட்ட எல்லையில் வெட்டிய பலாமரம் வந்தது. பழைய வேலிக்கம்பி மரத்துக்குள்ளே வளர்ந்து மூடிப்போய்க் கிடந்திருக்கிறது, யாரும் பார்க்கவில்லை. வாள் கம்பியில் ஏறிய சத்தம் இன்னும் என் பல்லில் இருக்கிறது. தோல்வார் அறுந்து கூரையில் அடித்தது. இரண்டு பேருக்கும் கீறல்கூட இல்லை. புது வாள் மாட்டி ஓட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, தண்டு உட்காரும் கூட்டில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. சும்மா சுழலும்போது ஒன்றும் தெரியாது. கனத்த மரம் வைத்துத் தள்ளினால் வெடிப்பு விரியும், தண்டு ஒரு பக்கம் சாயும், வாள் மரத்துக்குள் இறுகும். இறுகினால் மரம் தள்ளுகிறவன் மேலேயே திரும்பிப் பாயும். கொல்லரைக் கூட்டிவந்து காட்டினோம். சுத்தியலால் அந்த இடத்தைத் தட்டிவிட்டு, "கேட்டீங்களா சத்தத்த? நல்ல இரும்புன்னா மணி மாதிரி கேக்கும். இது சட்டி மாதிரி கேக்குது. வார்ப்பிரும்பு, ஒட்டாதுங்க. கூட்டையே மாத்தணும், இல்லாட்டி இத ஒடச்சுப் போட்டுருங்க" என்றார். உடைத்துப்போட உன் அப்பாவுக்கு மனசு வரவில்லை. எனக்கும்தான்.

சின்னச்சாமி அண்ணனை உனக்கு ஞாபகம் இருக்காது. தெமோதரைப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஆசாரி. நல்ல கைக்காரர், பேச்சு குறைவு. தோட்டத்து வரிசை வீடான லயத்தை விட்டு வெளியேறி ரோட்டோரமாக ஒரு துண்டு நிலம் எடுத்துக் கொட்டகை போட்டிருந்தார். தன் பிள்ளைகள் விடியற்காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் வரிசையில் நின்று பேர் கொடுக்கக் கூடாது என்பது ஒன்றுதான் அந்த மனிதரின் ஆசை. அவருக்கு ஒரு வாள் வேண்டும் என்று காதில் விழுந்ததும் உன் அப்பாவின் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். அப்போதே எழுந்து போயிருக்க வேண்டும். உட்கார்ந்து கேட்டேன். ஆயுத பூஜை வருகிறது, பூஜை போட்டு வைப்போம், மறுநாள் விஜயதசமிக்கு வந்து எடுத்துக்கொள்ளச் சொல்வோம் என்றார். ஏன் என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கிய பிறகும் நான் அம்மியில் மஞ்சள்தான் அரைத்துக்கொண்டிருந்தேன்.

ஆயுத பூஜைக்கு எல்லோரும் எந்திரத்துக்குப் பொட்டு வைப்பார்கள். நான் அன்றைக்கு வைத்தது பொட்டு இல்லை. உன் அப்பா விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இந்த எடத்துல கொஞ்சம் கூடவே வையி" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். சந்தனத்தைக் குழைத்து வெடிப்புக்குள் விரலால் அழுத்தித் திணித்தேன். மேலே ஒரு தட்டு அப்பினேன். நடுவில் குங்குமம் வைத்தேன். மேசைக்கு மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி இரண்டு பேரும் கும்பிட்டோம். என்ன என்று கும்பிட்டோம் தெரியுமா? வாங்க வருகிறவர் கண்ணில் வெடிப்பு படாமல் இருக்க வேண்டும் என்று கும்பிட்டோம்.

விஜயதசமி காலையில் அவர் வண்டி கட்டிக்கொண்டு வந்தார். புது வேட்டி. கால் கழுவிவிட்டுத்தான் கொட்டகைக்குள் வந்தார். தொழில் தெரிந்தவர் அல்லவா, கையோடு சின்னச் சுத்தியல் ஒன்று கொண்டுவந்திருந்தார். இரும்பைத் தட்டிப் பார்க்க ஓங்கினார். உன் அப்பா பதறியது போல அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னாங்க இது, பூஜ போட்ட எந்திரத்த சுத்தியலால தட்டலாமா?"

சின்னச்சாமி அண்ணன் நாக்கைக் கடித்துக்கொண்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டார். "தப்புதாங்க. அப்ப ஒரு பலகைய வச்சு ஓட்டிப் பாத்துரலாமா?"

"மொத ஓட்டு ஒங்க எடத்துலதான் ஓடணும். நான் ஓட்டிக் குடுத்தா லட்சுமி என்கிட்டயே தங்கிருவா, ஒங்களுக்கு ஒண்ணும் வராது."

அப்படி ஒரு முறை எந்த ஊரிலும் கிடையாது. உன் அப்பா அந்த நிமிஷத்தில் இட்டுக் கட்டியது அது. சின்னச்சாமி அண்ணன் என்னைப் பார்த்தார். "அப்படிங்களா தங்கச்சி?" என்றார். அவர் என்னைத்தான் கேட்டார், வேலாயுதம். பெண்கள் பூஜை விஷயத்தில் பொய் சொல்ல மாட்டார்கள் என்று நினைத்திருப்பார். "ஆமாங்கண்ணே" என்றேன். அவர் அந்தச் சந்தனத்தில் விரல் படாமல் கூட வந்த ஆட்களோடு சேர்ந்து, பச்சைக் குழந்தையைத் தூக்குவது போல மேசையைத் தூக்கி வண்டியில் ஏற்றினார். சாணை பிடித்து வைத்திருந்த இன்னொரு வாளும் இஞ்சினும் சேர்த்து எல்லாம் போய்விட்டது. கொட்டகை விசாலமாகிவிட்டது என்று உன் அப்பா அன்றைக்குப் பாயாசம் வைக்கச் சொன்னார். வைத்தேன். நீ இரண்டு கிண்ணம் குடித்தாய்.

இருபது நாள்கூட ஆகவில்லை. ஒரு மத்தியானம் சின்னச்சாமி அண்ணன் வாசலில் வந்து நின்றார். வலது கையில் மணிக்கட்டு வரைக்கும் துணிக் கட்டு. மரம் பாய்ந்து நெஞ்சில் அடித்ததில் நிலைதவறி, தள்ளிக்கொண்டிருந்த கை வாளின் மேல் விழுந்திருக்கிறது. மூன்று விரல் போய்விட்டது. உன் அப்பா வாசலுக்கு வரவில்லை. பின்பக்கம் போய் விறகு அடுக்கினார், அந்த வேளையில். நான் தனியாக நின்றேன். சண்டைக்கு வந்திருக்கிறார், கத்தட்டும், மண்ணை வாரித் தூற்றட்டும் என்று காத்திருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அது எனக்கு ஆறுதலாகக்கூட இருந்திருக்கும்.

அவர் கத்தவில்லை. "தங்கச்சி, ஒங்க எந்திரத்துக்கு நான் பாவம் பண்ணிட்டேன்" என்றார். "ஓட்டுன அதிர்வுல அந்தச் சந்தனம் கொஞ்சம் பேந்து விழுந்துச்சு. விழுந்தத நான் கவனிக்கல. தீட்டோட ஓட்டிட்டேன் போல. சாமி குத்தமாப் போச்சு. சம்சாரம் கொட்டகைப் பக்கமே வர மாட்டேங்குறா. நீங்க சுமங்கலி, பூஜ போட்ட கை. வந்து ஒருக்கா மறுபடி போட்டுத் தரணும்."

வேலாயுதம், மனிதர் தம் விரல்களை இழந்துவிட்டு எங்களிடம் மன்னிப்புக் கேட்க வந்திருந்தார். என் வாயில் உண்மை இருந்தது. சொல்ல ஒரு மூச்சு போதும். நான் என்ன செய்தேன்? காப்பி போட்டுக் கொடுத்தேன். இடது கையால் டம்ளரைப் பிடிக்கத் தெரியாமல் அவர் வேட்டியில் சிந்திக்கொண்டார். அதைத் துடைக்கத் துணி கொடுத்துவிட்டு, "ஆமாங்கண்ணே, சாமி குத்தம்தான். வெள்ளிக்கெழம வந்து போட்டுத் தாறேன்" என்றேன். உன் அப்பா சொல்லிச் செய்தது முதல் தடவை. இரண்டாம் தடவை எனக்கு யாரும் சொல்லவில்லை. நானே யோசித்து, நானே பேசி, நானே போனேன். உன் அப்பா இறந்து ஆறு வருஷமாகிறது, எல்லாப் பழியையும் அவர் தலையில் கட்டிவிட எனக்கு வசதிதான். கட்ட மாட்டேன்.

வெள்ளிக்கிழமை சந்தனக் கிண்ணத்தோடு போனேன். வெடிப்பு விரல் நகம் நுழைகிற அளவுக்கு அகன்றிருந்தது. அவர் சம்சாரம் கை கூப்பிக்கொண்டு தூரமாக நின்றாள். மறுபடி திணித்தேன். போன தடவையைவிட கனமாக அப்பினேன். எழுந்து நின்று அவரிடம், "இந்த எடத்துச் சந்தனம் எப்பவும் உதிரக் கூடாதுண்ணே. தொடைக்கவே கூடாது. வெள்ளிக்கெழமதோறும் மேலேயே பூசிட்டு வாங்க. பெரிய மரம் வைக்காதீங்க, சின்னப் பலகையோட நிறுத்திக்கிங்க" என்றேன். பெரிய மரம் வைக்காதே என்று சொன்னதால் நான் பாதி நியாயம் செய்துவிட்டேன் என்று திரும்பி நடக்கும்போது என்னை நானே தேற்றிக்கொண்டேன். அந்தத் தேற்றலை நினைத்தால்தான் எல்லாவற்றையும்விட அதிகமாக அருவருப்பாக இருக்கிறது.

அவர் என் பேச்சை வேதம் போலப் பிடித்துக்கொண்டிருக்கிறார். அது உன் கடிதத்தில்தான் எனக்குத் தெரிந்தது. ஒரு விரல் கனம் என்று எழுதியிருக்கிறாயே, அது பதினெட்டு வருஷத்து வெள்ளிக்கிழமைகள். மூன்று விரல் போனவர் மிச்ச விரலால் பூசியது. விற்கும்போதுகூட முதலாளியிடம் சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார், வாங்குகிறவனுக்குக் கெடுதல் வரக்கூடாதே என்று. நான் சொன்ன பொய்யை அவர் நல்ல மனசோடு காப்பாற்றி, அது இப்போது உன் கொட்டகை வாசலுக்கு வந்து நிற்கிறது. அவர் அந்த ரோட்டோரக் கொட்டகையை அடுத்த வருஷமே கைவிட்டார். லயத்துக்கே திரும்பினார், மேசையையும் விற்காமல் கூடவே கொண்டுபோயிருக்கிறார். இப்போது தோட்டத்தில் காவல்காரர். அவர் பிள்ளைகள் பெரட்டுக்குப் போனார்கள். நீ மிஷன் பள்ளிக்கூடத்துக்குப் போனாய். தெமோதரைப் பக்கம் போகிற ஒவ்வொருவரிடமும் அவரைப் பற்றி விசாரித்திருக்கிறேன், அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு ஒரு தடவைகூடப் போய்ப் பார்த்ததில்லை.

உன் கல்யாணத்தில் நடந்தது உனக்கு இப்போது விளங்கும். வாசலில் உன் மாமியார், நான் கைம்பெண் என்றும் பாராமல், சந்தனக் கும்பாவை நீட்டினார்கள். நான் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். அந்த அம்மாள் முகம் செத்துப்போனது. எங்கள் சந்தனம் சம்பந்திக்கு ஆகாதோ என்று இரண்டு நாள் பேச்சு ஓடியது. தலைவலி என்று நீ சமாளித்தாய். தலைவலி இல்லையடா. அந்த வாசனை வந்தாலே எனக்கு மரத்தூளும் கட்டுத்துணியும் மண்ணெண்ணெயும் சேர்ந்து மணக்கிறது. உன் மாமியாரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். குற்றம் அவர்கள் சந்தனத்தில் இல்லை.

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட மாட்டேன். உனக்கு வாள் வேண்டும், வாங்கு. ஆனால் பெருமைக்கு வாங்காதே. நீ அறுக்கிற பலகையின் கனத்தை அளந்து வைத்துக்கொண்டு பிறகு வாளைப் பார். வட்டவாள்தான் என்றால் ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட இருந்தால் வீட்டு வேலைக்குத் தாராளம். என்னைக் கேட்டால், மேலும் கீழும் இரண்டு சக்கரத்தில் ஓடுகிற நாடாவாள் உனக்கு நல்லது. அது மரத்தைக் கீழே மேசையோடு அழுத்திப் பிடிக்கும், உன் மேல் திருப்பி எறியாது. வளைவும் வெட்டலாம், இஞ்சினும் சின்னதாகப் போதும். எது வாங்கினாலும் விற்கிறவன் முன்னால் தண்டை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார். சுத்தியலால் ஒவ்வொரு இடமாகத் தட்டிச் சத்தத்தைக் கேள். வர்ணத்தைச் சுரண்டிப் பார், கோபித்தால் கோபிக்கட்டும். உன் வீட்டிலிருந்தே ஒரு கனத்த பலகையைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் அதை அறுத்துக் காட்டச் சொல். சாஸ்திரம் பேசி யார் தடுத்தாலும் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிடு. நின்ற இடத்திலிருந்தே வாரைத் தள்ளி வாளை நிறுத்துகிற கைப்பிடி இருக்க வேண்டும். மூடியும் பின்தகடும் இல்லாத வாளை உன் மனைவி பக்கத்தில் நிற்க ஓட்டாதே. அவளைப் பலகை இழுக்கக் கூப்பிட்டால், அவள் சொல்கிற சொல்லைக் கேட்டுத்தான் நிறுத்தவும் வேண்டும். நான் வாய் திறக்காத வீட்டில்தான் இதெல்லாம் நடந்தது.

இந்த வாளை என்ன செய்வது என்று இரவெல்லாம் கேட்டுக்கொண்டேன். வாங்காதே என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் படுத்திருக்கலாம். நீ வாங்காவிட்டால் இன்னொருத்தி பெற்ற பிள்ளை வாங்குவான். முதலாளி அவனுக்கும் அதே கதையைச் சொல்வார். அவருக்கு உண்மை தெரிந்திருக்குமா என்பது எனக்குத் தெரியாது, தெரியாமலே சொல்கிறார் என்றுதான் நினைக்கிறேன். அதனால் நீ அதை வாங்கு. ஓட்டுவதற்கு வேண்டாம், உடைப்பதற்கு வாங்கு. அதற்கு ஆகும் செலவு என்னுடையது, என் காதில் கிடப்பதைக் கழற்றி வைத்துவிட்டேன். இஞ்சினைத் தொடாதே, மேசையை மட்டும் வாங்கிக் கொட்டகைக்கு வெளியே வெட்டவெளியில் இறக்கி வை. அதன் மூலையில் இருக்கிற வேல் உருவத்தைப் பார்த்து உனக்கு மனசு இளகினால், அதை வெட்டிய கையும் விளக்கைப் பிடித்த கையும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொள்.

விஜயதசமிக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. இப்போதுதான் ரயில் பதுளை வரைக்கும் வந்துவிட்டதே, அன்று காலை வண்டியில் ஏறுகிறேன். நேரே உன்னிடம் வரவில்லை. தெமோதரையில் இறங்கி நடந்து தோட்டத்துக்குப் போகிறேன். சின்னச்சாமி அண்ணன் லயத்து வாசலில் நின்று, அவர் சம்சாரம் கேட்க, பிள்ளைகள் கேட்க, பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர்கள் கேட்க, சாமி உங்களைத் தண்டிக்கவில்லை அண்ணே, நாங்கள்தான் தண்டித்தோம் என்று சொல்லப்போகிறேன். பதினெட்டு வருஷமாக அந்த மனிதர் தம் பாவம் என்று சுமந்துகொண்டிருப்பதை இறக்கி வைக்க வேண்டும். அவர் என்னை அடிக்கலாம். தோட்டமே திரண்டு என்னை ரோட்டுக்குத் துரத்தலாம். அதற்குப் பயந்துதான் இத்தனை நாள் போகவில்லை, இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது. வந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு மாலை வண்டியில் வருகிறேன். வராவிட்டால் தனியாக வருகிறேன்.

நல்ல கனமான சம்மட்டி ஒன்று இரவல் வாங்கி வை. அவர் வந்தால் முதல் அடி அவருடையது. எந்தக் கையால் முடியுமோ அந்தக் கையால் அடிக்கட்டும். அதற்கு முன்னால் எனக்கு ஒரு வேலை இருக்கிறது. ஒரு வாளி வெந்நீரும் முரட்டுத் துணியும் எடுத்து மேசைக்குப் பக்கத்தில் வை. நான் வந்து சேரும்வரை அந்தச் சந்தனத்தை நீ தொடாதே, உன் மனைவியையும் தொட விடாதே. பூசிய கை வந்து துடைக்கும்.

உன் அம்மா